புல்டோசர் பட்டன் இல்லாத ஊர்!

கம்ப்யூட்டரில் ஊர் கட்டுற ஆளா நீங்க? அப்ப இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

நாலு வீடு, ரெண்டு கடை, ஒரு ஃபேக்டரி, நடுவுல ஒரு ரோடுனு சாதுவாத்தான் ஆரம்பிப்பீங்க. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தா, ஹாஸ்டலே குறட்டை விடுற நேரத்துல ஜனத்தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். அப்பதான் ஆரம்பிக்கும் வினை. ஒரே ஒரு ஜங்ஷன் சிவப்பாகும். அதுக்குப் பின்னால லாரியும் காரும் கூட்ஸ் ரயில் மாதிரி நிற்கும். குப்பை வண்டி வராது, ஆம்புலன்ஸ் வராது, ஊரே நாறிப்போகும். நீங்க என்ன பண்ணுவீங்க? புல்டோசர் பட்டனை அமுக்கி நாலு தெருவைத் தூக்கிட்டு, ஆறு வழிச் சாலை போடுவீங்க. அம்புட்டுத்தான்!

அந்தத் திறமையை மூட்டை கட்டிக்கிட்டு ஒரு நாள் திருவண்ணாமலைக்கு வாங்க. நேரா கோயிலுக்குப் போயிடாதீங்க. ஊருக்கு வடக்கே, வேலூர் ரோட்டில் வேங்கிக்காலில் இறங்கிடுங்க. உங்க ஆட்டத்துக்குச் சரியான பரீட்சை ஹால் இதுதான்!

குண்டு போட்டவர் ஊர் கட்டினார்!

பஸ் வர்றதுக்குள்ள ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அமெரிக்காவில் வில் ரைட்னு ஒருத்தர். 1984-ல் 'ரெய்டு ஆன் பங்கெலிங் பே'னு ஒரு கேம் செஞ்சார். ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள் மேல குண்டு போடணும், அவ்வளவுதான் கதை. அதுக்காகத் தீவுகளையும் ரோடுகளையும் வரைஞ்சுக்கிட்டே இருந்தவருக்கு, அழிக்கிறதைவிடக் கட்டுறதுதான் ஜாலின்னு தோணிப்போச்சு. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1969-ல் நகரங்களைக் கணக்குச் சமன்பாடுகளா எழுதி வெச்ச புத்தகமும் கையில் சிக்க, 1989-ல் பிறந்தது 'சிம்சிட்டி'.

அப்புறம் 2015 மார்ச்சில் வந்தது 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. செஞ்சது ஃபின்லாந்தின் 'கொலோசல் ஆர்டர்' என்ற சின்ன கம்பெனி. அதுக்கு முன்னாடி, 2011-ல், அவங்க செஞ்ச கேம் முழுக்க முழுக்க பஸ், டிராம், மெட்ரோ விடுற கேம். அதனால இதிலும் டிராஃபிக்தான் ஹீரோ, வில்லன் எல்லாமே! கேமில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை. கிளம்பும்போதே வழியைத் தேர்ந்தெடுத்துட்டுத்தான் கிளம்புவாங்க. எல்லாரும் ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தா ஜாம்! 2023-ல் இரண்டாம் பாகமும் வந்தாச்சு.

இந்த ஆட்டம் சொல்லித் தர்ற முதல் பாடம் ஒண்ணு இருக்கு. ரோடுகளுக்குள்ளும் குடும்ப முறை வேணும். நெடுஞ்சாலை தூரத்து வண்டிக்கு. பெரிய சாலை ஊரைக் கடக்க. இணைப்புச் சாலை ஏரியாவுக்குள் நுழைய. தெரு வீட்டு வாசலுக்கு. நாலையும் கலந்தீங்க... தொலைஞ்சீங்க!

இறங்குங்க, வேங்கிக்கால் வந்தாச்சு.

ஒரே ரோடு, நாலு வேலை

பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிஞ்சு திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ல். கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது இங்கே, இந்த வேலூர் ரோட்டில்தான். சிம்சிட்டியும் இந்த மாவட்டமும் ஒரே வருஷத்துக் குழந்தைகள்!

கேமில் நீங்க ஒரு பெரிய ஆபீஸைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வெச்சா என்ன ஆகும்? அதைச் சுத்தி கடை வரும், ஜெராக்ஸ் வரும், டீக்கடை வரும், வீட்டு மனை வரும். வெளியே வெச்சது சில வருஷத்துல உள்ளே ஆயிடும். வேங்கிக்காலுக்கு நடந்ததும் அதுதான்.

ரோட்டு ஓரமா பத்து நிமிஷம் நின்னு பாருங்க. இது தேசிய நெடுஞ்சாலை 38. வேலூரில் தொடங்கி தூத்துக்குடி வரைக்கும் போற ரோடு. அதனால தெற்கே போற லாரிக்கு இது நெடுஞ்சாலை. வேங்கிக்காலிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போறவருக்கு இது உள்ளூர்ச் சாலை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோட வர்ற பாட்டிக்கு இது பஸ்ஸைவிட்டு இறங்கி குறுக்கே கடக்க வேண்டிய ஆறு. கடைக்காரருக்கு இது வாசல். காலேஜுக்குக் கிளம்பின உங்க வயசுப் பசங்களுக்கு, படிக்கட்டில் ஒரு கால் வைக்க இடம் கிடைக்குமாங்கிற கேள்வி!

நாலு வேலையையும் ஒரே தார் ரோடு செய்யுது. ஸ்கைலைன்ஸா இருந்தா இந்நேரம் இது ரத்தச் சிவப்பில் இருக்கும். ஆனா ஒரு வித்தியாசம். கேமில் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட வண்டி 'பூ'னு மறைஞ்சுடும்! நிஜமாவே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. இல்லேன்னா ஊரே உறைஞ்சுடுமாம். வேலூர் ரோட்டில் எந்த வண்டியும் மறையாது. ஹாரன்தான் அடிக்கும்.

ஒன்பது நூலும் ஒரு முடிச்சும்

வேங்கிக்காலிலிருந்து தெற்கே டவுனுக்குள்ள போவோம். திருவண்ணாமலைக்குள் வர்ற ரோடுகளை எண்ணுங்க. வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி. மொத்தம் ஒன்பது! ஒன்பது நூலையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி ஊர்.

கேம் ஆடுறவங்க இதைப் பார்த்தா 'ஐயய்யோ'னு தலையில் கை வைப்பாங்க. நட்சத்திர வடிவ ஊரில் எல்லாப் பயணமும் நடுவுலதான் வந்து மோதும். உடனே கை எங்கே போகும்? புல்டோசர் பட்டனுக்கு! ஆனா நடுவுல இருக்கிறது என்ன? 217 அடி ராஜகோபுரம். சுத்தி நாலு மாட வீதிகள். பின்னால 2,668 அடி மலை. அமுக்குவீங்களா?

அந்த மாட வீதிகளில் ஒரு ரவுண்டு நடங்க. தேரடி வீதி, திருவூடல் தெரு, பேகோபுரத் தெரு, பெரிய தெரு. இந்தத் தெருக்கள் எந்த வண்டிக்காக இருக்கு தெரியுமா? தேருக்காக! கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்களும் இந்த வழியாத்தான் போகணும். லாரி மாதிரி ஸ்டியரிங் கிடையாது. மூலையில் முட்டுக்கட்டை போட்டு, சக்கரத்தைச் சறுக்கவிட்டு, அங்குலம் அங்குலமா திருப்பணும். அதுக்கு மூலையில் இடம் வேணும், தெருவில் அகலம் வேணும். ரோடு என்ஜினீயர்கள் இன்னிக்கு 'திரும்பும் ஆரம்'னு படிக்கிற பாடத்தைத்தான் அந்தத் தெரு மூலையும் சொல்லுது. முதலில் எந்த வண்டி, எந்த மனுஷன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் ரோடு!

உலகத்துலயே பெரிய ரவுண்டானா?

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஸ்கைலைன்ஸில் ஜாம் ஆனா சீனியர் ஆட்டக்காரங்க சொல்ற முதல் வைத்தியம் என்ன? 'ரவுண்டானா போடு மச்சி!'

அதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. நாலு ரோடு சந்திக்கிற சாதாரண ஜங்ஷனில் வண்டியும் வண்டியும் மோதிக்க வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அதே இடத்தில் ஒற்றை வரிசை ரவுண்டானா போட்டா வெறும் 8. எல்லாரும் ஒரே திசையில் சுத்துறாங்க, யாரும் யாருக்கும் குறுக்கே வெட்டுறதில்லை. சேர்றாங்க, பிரியறாங்க, அவ்வளவுதான்.

நம்ம நாட்டில் இடது பக்கம் ஓட்டுறோம். அதனால ரவுண்டானாவில் கடிகார திசையில்தான் சுத்தணும். நடுத் திட்டு எப்பவும் நம்ம வலது கைப் பக்கம் இருக்கும்.

கிரிவலத்தில்? மலை எப்பவும் வலது கைப் பக்கம். போறவங்க எல்லாரும் கடிகார திசையில், இடது ஓரமா. சுத்தளவு 14 கிலோமீட்டர்!

யோசிச்சுப் பாருங்க. பௌர்ணமி ராத்திரியில் லட்சக்கணக்கான பேர் ஒரே பாதையில் நடக்கிறாங்க. சிக்னல் கிடையாது. எதிரும் புதிருமா மோதுறதில்லை. வேகமா போறவங்க முந்திக்கிறாங்க, முடியாதவங்க ஓரமா உட்கார்ந்துக்கிறாங்க. இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம். ஆன்மிகமாப் பார்த்தா தரிசனம், டிராஃபிக் கண்ணால பார்த்தா எட்டு ஸ்டாப்பிங்! 'ஒன்வே' போர்டு இல்லாமலே இத்தனை பேரும் ஒன்வேயில் போறாங்க. அந்த விதி போலீஸ் புஸ்தகத்தில் இல்லை, மனசுல இருக்கு.

கேம் ஹேங் ஆகும் ராத்திரி

இந்தக் கூட்டத்தை உங்க கம்ப்யூட்டரில் கொண்டுவர முடியுமா? முடியாது. முதல் ஸ்கைலைன்ஸில் ஒரே நேரத்தில் வெளியே நடமாடக்கூடிய ஆட்களுக்கு உச்ச வரம்பு 65,536. வண்டிகளுக்கு 16,384. அதுக்கு மேல கேம் ஒத்துக்காது. கார்த்திகை தீபத்துக்கோ, சமீப வருஷங்களில் 20 லட்சம் பேருக்கு மேல வருவாங்கன்னு கணக்குப் போட்டுத்தான் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடே ஆரம்பிக்குது!

அந்த ஏற்பாடு என்ன? ஆறு வழிச் சாலையா? மேம்பாலமா? இல்லை. ஒன்பது ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு. வேலூர்ப் பக்கத்து பஸ் வேலூர் ரோட்டிலேயே நிற்கும். செங்கம் பக்கத்து பஸ் செங்கம் ரோட்டிலேயே நிற்கும். எந்த பஸ்ஸும் ஊருக்குள்ள வந்து இன்னொரு பஸ்ஸோட மூஞ்சியில் முட்டாது. உள்ளே வர்றது ஆட்கள் மட்டும், அதுவும் நடந்து. ஒன்பது நூலையும் முடிச்சுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க, பார்த்தீங்களா?

இது ஏன் வேலை செய்யுது? அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான 'நாக்டோ' ஒரு கணக்குக் கொடுக்குது. மூணு மீட்டர் அகலமுள்ள ஒரு பாதையில் கார்களை விட்டா ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் வரைதான் போக முடியும். அதே அகலத்தை பஸ்ஸுக்குன்னே ஒதுக்கினா 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக்கினா 8,000 முதல் 9,000 பேர்! அதே ரோடு, அதே அகலம். யாருக்குக் கொடுக்கிறோம்ங்கிறதில்தான் இருக்கு சூட்சுமம்.

ரயிலும் இருக்கு. விழுப்புரம் - காட்பாடி ஒற்றைப் பாதையில்தான் திருவண்ணாமலை ஸ்டேஷன். சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கிட்டிருந்த ரயிலை 2024 மே மாசம் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டினாங்க. ஒரு ரயில் நிறைய ஜனம் வந்தா, ஒன்பது ரோட்டிலும் எத்தனை கார் குறையும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

சரி, ஆனா கேள்வி இங்கேதான் ஆரம்பிக்குது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நடந்து வர்றவங்களுக்கு ரோட்டைக் கொடுக்கிற ஊர், மத்த நாளில் மனு கொண்டு வர்ற பாட்டிக்கும், படிக்கட்டில் தொங்குற பையனுக்கும் எவ்வளவு கொடுக்குது? இது திருவண்ணாமலைக்கு மட்டும் இல்லை. உங்க ஊருக்கும் இதே கேள்விதான்.

கேம் மறைக்கிற மூணு விஷயம்

ஒண்ணு, பார்க்கிங். 2013-ல் வந்த சிம்சிட்டியின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைச்சார். நிஜ ஊரில் இருக்கிற அளவுக்கு பார்க்கிங் இடத்தை வரைஞ்சா கேம் செம போரா ஆயிடும்னு, எல்லாம் தரைக்கு அடியில் இருக்கிறதா வெச்சுக்கிட்டாங்களாம்! நம்ம ஊரில் தரைக்கு அடியில் எதுவும் இல்லை. எல்லாம் ரோட்டு ஓரத்தில்தான். அதாவது, நீங்க நடக்க வேண்டிய இடத்தில்.

ரெண்டு, மரம். கேமில் மரம் வெட்டினா கேட்க நாதி கிடையாது. 2016-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பிச்சப்ப, தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே தலையிட்டுத் தடுத்தது. வெயிலில் 14 கிலோமீட்டர் நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், மரம்கிறது ரோட்டுக்கு இடைஞ்சல் இல்லை. நடக்கிறவங்களுக்கு அதுதான் ரோட்டோட கூரை.

மூணு, தண்ணி. வேங்கிக்கால்னா ஏரியும் சேர்த்துதான். நல்ல மழைக் காலத்தில் ஏரி நிரம்பினா உபரித் தண்ணி போக வழி வேணும். வழி இல்லேன்னா வேலூர் ரோட்டையே வழியாக்கிக்கும். தண்ணியும் ஒரு டிராஃபிக்தான் பாஸ்! அதுக்கும் ஒரு லேன் ஒதுக்கிட்டுத்தான் மத்தவங்களுக்குக் கோடு போடணும்.

இந்த மூணையும் மறந்துட்டு 'பக்கா' ஊர் கட்டினா எப்படி இருக்கும்? அதையும் ஒருத்தர் செஞ்சு காட்டிட்டார். வின்சென்ட் ஒகாஸ்லானு ஒரு பிலிப்பைன்ஸ் ஆர்க்கிடெக்சர் மாணவர். கிராஃப் பேப்பரில் வருஷக்கணக்கா கணக்குப் போட்டு, சிம்சிட்டி 3000-ல் 60 லட்சம் பேர் வசிக்கிற 'மக்னசாந்தி' என்ற ஊரைக் கட்டினார். 2010-ல் அதோட வீடியோ உலகத்தையே கலக்குச்சு. ரோடே கிடையாது. எல்லாம் சுரங்க ரயில். டிராஃபிக் ஜாம் பூஜ்யம். ஆனா அந்த ஊரில் மனுஷங்க ஐம்பது வயசைத் தாண்டறதே அபூர்வம்! அளவுக்கு மீறி ஒழுங்குபடுத்தினா ஊர் என்ன கதியாகும்னு காட்டத்தான் அவர் அதைக் கட்டினார்.

உங்களுக்கு ஒரு சவால்!

அடுத்த லீவில் கேமைத் திறங்க. வேங்கிக்காலையும் திருவண்ணாமலையையும் கட்டுங்க. நாலு கண்டிஷன்.

ஒண்ணு, இடது பக்கம் ஓட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

ரெண்டு, மலை, கோயில், மாட வீதி, ஏரி, கிரிவலப் பாதை மரம் எதையும் தொடக் கூடாது. புல்டோசர் பட்டன் மேல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

மூணு, நெடுஞ்சாலை லாரிக்கும் மனு கொண்டு வர்ற பாட்டிக்கும் தனித்தனி வழி வேணும்.

நாலு, ஸ்கோரை வண்டிக் கணக்கில் பார்க்கக் கூடாது, ஆள் கணக்கில் பார்க்கணும்.

அதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். உங்க காலேஜ் ஸ்டாப்பிங் டீக்கடையில் காலையில் எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் உட்காருங்க. நோட்டில் நாலு கட்டம் போடுங்க: கார், டூ வீலர், பஸ், நடை. வண்டியை எண்ணாதீங்க. அதுக்குள்ள இருக்கிற தலைகளை எண்ணுங்க. அப்புறம் யாருக்கு எவ்வளவு ரோடு கிடைச்சிருக்குனு பாருங்க. டீ ஆறிப்போகும், கேரன்ட்டி!

'இதெல்லாம் விளையாட்டு, நிஜத்தில் யார் கேட்பாங்க?'னு நினைக்கிறீங்களா? ஸ்டாக்ஹோமில் ஒரு புதுக் குடியிருப்புப் பகுதியைப் பத்திப் பேச 2016-ல் ஸ்கைலைன்ஸையே மேஜையில் வெச்சாங்க. ஐ.நா.வின் ஹாபிடாட் அமைப்பு 2012-லிருந்து மைன்கிராஃப்ட் கேமை வெச்சு, உள்ளூர் ஜனங்களையே அவங்க பொது இடங்களை வடிவமைக்கச் சொல்லுது. மும்பையில்கூட நடந்திருக்கு.

நம்ம பக்கத்துக்கும் வாய்ப்பு இருக்கு. திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆயிடுச்சு. மாநகராட்சின்னா இனி புதுசு புதுசா கோடு போடுவாங்க. 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு ஊரின் மாஸ்டர் பிளான் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள்கிட்ட ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்கணும். பொதுமக்கள்னா யாரு? பஸ் பாஸ் வெச்சிருக்கிற நீங்களும்தான்! அன்னிக்கு உங்க டீக்கடை நோட்டும், நீங்க கட்டின மேப்பும் கையில் இருந்தா பேச்சுக்கு ஒரு கனம் வரும்.

இதிலேயே ருசி கண்டுட்டீங்கன்னா படிப்பாவும் இருக்கு. டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் பி.பிளான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் டவுன் பிளானிங் மேற்படிப்பு. சிவில் முடிச்சவங்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸில் போக்குவரத்துப் பொறியியல். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடினதுக்கு வீட்டில் சொல்ல ஒரு காரணமும் ஆச்சு!

திரும்பிப் போறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை கிரிவலம் போயிட்டு வந்துடுங்க. மூணு நாலு மணி நேரம் ஆகும். எந்த வளைவில் நடைபாதை முடிஞ்சுபோச்சு, எங்கே நிழல் இல்லை, எந்த இடத்தில் ரோட்டைக் கடக்க பயமா இருந்துச்சுன்னு கால் ஒவ்வொண்ணா கணக்கு வெச்சிருக்கும். அந்தக் கணக்கோட வந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க. இந்தத் தடவை முதல் கோட்டை எங்கேயிருந்து போடுறீங்கன்னு பார்ப்போம்!